ஒரே மெட்ரோ தடத்தில் மூன்று திணை

புசா ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மெட்ரோ பாலம். அதற்கு மேலே, எந்த மாதமாக இருந்தாலும், பருந்து. கரோல்பாக் நிலையத்திலிருந்து ராஜேந்திரா பிளேஸ் நிலையம் வரைக்கும் இந்தச் சாலையில் பைக் கடைகள், ஹோட்டல்கள், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று, பக்கத்துத் தெருக்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கிப் படிக்கும் ஐஏஎஸ் பயிற்சி மையங்கள். பறவை பார்க்கப் புறப்படும் இடம் என்று யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் டெல்லியின் வரைபடத்தைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். சற்று மேற்கே இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்கள் தொடங்குகின்றன. தெற்கே நடக்கும் தூரத்தில் ரிட்ஜ், அதாவது ராஜஸ்தானிலிருந்து நீண்டு வரும் ஆரவல்லி மலைத்தொடர் கடைசியாகத் தலை நீட்டும் கற்பாறை மேடு, அதன்மேல் முள்காடு. இதே நீலத் தடத்தில் ஏறி நொய்டா போகும் வண்டியில் உட்கார்ந்து, பொட்டானிக்கல் கார்டன் நிலையத்தில் மெஜந்தா தடத்துக்கு மாறினால், அடுத்த நிறுத்தத்தின் பெயரே ஓக்லா பறவைகள் சரணாலயம். காடு, வயல், ஆறு மூன்றும் ஒரு விடுமுறை நாளுக்குள் அடங்கிவிடும்.

உலகத் தலைநகரங்களில் நைரோபிக்கு அடுத்தபடி அதிகப் பறவை இனங்கள் உள்ள ஊர் டெல்லிதான் என்று அடிக்கடி சொல்வார்கள். நகரத்தின் எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிற பெருமை அது, அதை விட்டுவிடலாம். டெல்லியிலும் சுற்று வட்டாரத்திலும் இதுவரை நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன என்பது உண்மை. அந்த நானூறும் ஊர் முழுக்கச் சீராகப் பரவிக் கிடக்கவில்லை. ரிட்ஜில் பார்த்ததை ஓக்லாவில் பார்ப்பது அரிது. ஓக்லாவில் ஆயிரமாய் மிதப்பவற்றில் பெரும்பாலானவை கோதுமை வயலில் இறங்குவதில்லை. நல்ல வழிகாட்டி ஒருவரோடு போகிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்வது இதைத்தான். “என்ன பறவை?” என்று கேட்டால் அவர் பதிலுக்கு, “எங்கே உட்கார்ந்திருக்கிறது? தரையிலா, புதரிலா, உச்சிக்கிளையிலா?” என்று கேட்பார். இடம் தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்த மாதிரி.

தமிழ் வாசகருக்கு இது புதுச் செய்தி இல்லை. தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது மரத்தோடும் விலங்கோடும் புள்ளையும் சேர்த்தே வைக்கிறது. எந்தத் திணைக்கு எந்தப் பறவை என்பதை உரையாசிரியர்கள் விரித்துச் சொன்னார்கள்: முல்லைக்குக் காட்டுக்கோழி, மருதத்துக்கு நாரை, பாலைக்குப் பருந்தும் கழுகும். இலக்கண நூல் சொன்னதைக் களக்கையேடாக எடுத்துக்கொண்டால் இடறும். குறிஞ்சிக்குரிய மயில், டெல்லியில் வறண்ட ரிட்ஜிலும் அரசாங்கப் பங்களாத் தோட்டங்களிலும் சாவகாசமாக நடந்து திரிகிறது. ஆனாலும் நிலத்தோடு சேர்த்துப் பறவையை யோசிக்கும் பழக்கம் அதில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் சூழலியல் அந்தப் பழக்கத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியது.

முதலில் தலைக்கு மேலே வட்டமிடுவதை முடித்துவிட்டுக் காட்டுக்குப் போகலாம். நகரமும் ஒரு வாழிடம்தான். 1971ல் ‘ஐபிஸ்’ என்ற பறவையியல் இதழில் கலூஷின் என்ற சோவியத் ஆய்வாளரின் கட்டுரை வந்தது. டெல்லியின் 150 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரைகொல்லிப் பறவைகளின் கூடுகளைக் கணக்கெடுத்து எழுதியது. கரும்பருந்து மட்டும் ஏறக்குறைய 2,400 இணைகள். சதுர கிலோமீட்டருக்குப் பதினாறு! இரைகொல்லிகள் இவ்வளவு நெருக்கமாக வாழும் ஊர்கள் உலகத்திலேயே மிகச் சில. அண்மைக்கால ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதே நெருக்கத்தைத்தான் காட்டுகின்றன. குப்பைமேடு, இறைச்சிக் கடைகளின் கழிவு, பழைய டெல்லியில் நேர்த்திக்கடன்போல வானத்தில் வீசப்படும் இறைச்சித் துண்டுகள் என்று தீனிக்குக் குறைவில்லை. கூடு கட்ட உயரமான மரங்களும் மின்கோபுரங்களும் இருக்கின்றன. குளிர்காலத்தில் இவற்றோடு வடக்கிலிருந்து வரும் இன்னொரு கிளையினமும் சேர்ந்துகொள்ளும். செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, அவை இமயத்தைத் தாண்டி கஜகஸ்தான், சைபீரியா வரை போவது தெரிந்தது. ராஜேந்திரா பிளேஸ் மேலே ஜனவரியில் வட்டமிடும் பருந்துகளில் எது உள்ளூர், எது சைபீரியா என்று பிரித்துச் சொல்கிற வழிகாட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

கலூஷினின் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. வெண்முதுகுப் பாறுக் கழுகு, நகருக்குள்ளேயே சில நூறு இணைகள். சாலையோர மரங்களில் கூடு வைத்த பறவை. மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இது 2004ல் உறுதியாயிற்று; 2006ல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தது. அதற்குள் நாட்டில் இந்த இனம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அன்றைக்கு ஒருவர் கூடுகளை எண்ணி எழுதி வைத்திருக்காவிட்டால், டெல்லி இழந்தது எவ்வளவு என்று சொல்ல நம்மிடம் கிழவர்களின் நினைவு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இனி ரிட்ஜ். ரிட்ஜின் மத்தியப் பகுதி சுமார் 860 ஹெக்டேர். புத்த ஜெயந்தி பூங்கா அதை வெட்டியெடுத்து உருவானதுதான். பாறை கோடிக்கணக்கான ஆண்டுப் பழசு, காடு புதுசு. பிரிட்டிஷ்காரர்கள் புதுடெல்லி கட்டிய காலத்தில் மொட்டை மேட்டைப் பச்சையாக்க ஒரு மெக்சிகோ மரத்தைக் கொண்டுவந்து விதைத்தார்கள். இங்கே விலாயதி கீக்கர். நம் ஊரில் ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கிற சீமைக்கருவேல். அதன் நடுவே அங்கங்கே பழைய காட்டின் மிச்சமாக தாக் எனும் பலாச மரமும் இலந்தையும் வெள்வேலும்.

டிசம்பரில் விடிந்து ஒரு மணிநேரம் கழித்து உள்ளே போனால் முதலில் எதுவும் தெரியாது. தரையில் சருகைக் கிளறிக்கொண்டு தவிட்டுக்குருவிக் கூட்டம் இரைச்சல் போடும். கவுதாரி எங்கோ கத்தும். சாம்பல் இருவாச்சி ஒன்று மரம் விட்டு மரம் தாவும். இருவாச்சி என்றால் ஆனைமலைக்கும் வால்பாறைக்கும் போக வேண்டும் என்று நினைக்கும் தமிழருக்கு இது இன்ப அதிர்ச்சி. இவையெல்லாம் தானாகவே தெரிந்துவிடும். வழிகாட்டியின் வேலை தொடங்குவது இவற்றுக்குப் பிறகு. கீக்கர் மரத்தின் உச்சியில் இலைகள் மட்டும் அசைகின்றன, காற்று இல்லை. அவர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்துவார். “கேளுங்கள்.”

இரண்டு அசை, முதலாவது கொஞ்சம் இழுத்து, இரண்டாவது சட்டென்று முடிந்து: ‘டிஸ்-யிப்’. அவ்வளவுதான். ஹ்யூம் இலைக்கதிர்க்குருவி. ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தின் எடைகூட இல்லாத பறவை. முதுகு மங்கிய பச்சை, கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு, இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டை. அவற்றில் கீழ்ப்பட்டை அகலம். பைனாகுலரில் அரை நொடி தெரிந்து மறைந்துவிடும். பெயருக்குரிய ஹ்யூம், காங்கிரஸைத் தொடங்கி வைத்த அதே ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம்தான். அதற்கு முன்னால் அரசாங்கத்தின் வேளாண்மைத் துறைச் செயலாளர், பறவைப் பைத்தியம்.

இந்தக் குருவியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேச வேண்டும். ஏனென்றால் ‘இடம் தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்தது’ என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. இலைக்கதிர்க்குருவிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிப் பச்சையும் சாம்பலும். புத்தகத்தில் படத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்றே என்று தோன்றும். டெல்லிக் குளிர்காலத்தில் காட்டு மரங்களில் இருப்பது பெரும்பாலும் ஹ்யூம். அதே காலத்தில் ஆற்றோரக் கருவேல மரத்திலும் நாணல் புதரிலும் இருப்பது சைபீரியச் சிஃப்சாஃப்: இறக்கையில் பட்டை இல்லை, கால் கறுப்பு, குரல் ஒரே அசையில் ஏங்கும் ‘பீப்’. மூன்றாவது ஒன்று, பச்சை இலைக்கதிர்க்குருவி: இறக்கையில் மெல்லிய ஒற்றைப் பட்டை, ‘ச்சிஸ்-லீ’ என்ற கூர்மையான குரல். இது டிசம்பரில் டெல்லியில் இருக்காது. செப்டம்பரில் தெற்கே போகும் வழியிலும், ஏப்ரலில் வடக்கே திரும்பும் வழியிலும் ரிட்ஜில் இறங்கித் தீனி பார்த்துவிட்டுப் போகும். குளிர்காலம் முழுக்க அது இருப்பது நம் பக்கத்தில். கும்பகோணத்துப் புளியமரத்திலும் பொதிகை மலைக்காட்டிலும் நவம்பர் முதல் மார்ச் வரை விடாமல் கத்திக்கொண்டிருப்பது இதுதான்.

பொதிகைப் பக்கத்து முண்டந்துறையில் மதுசூதன் கட்டி, டிரெவர் பிரைஸ் என்ற ஆய்வாளர்கள் இந்தக் குருவிகளைப் பல குளிர்காலங்கள் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு குருவியும் தனக்கென்று சில மரங்களை வளைத்துப் பிடித்து, மற்றவை உள்ளே வராதபடி கத்திக் காக்கிறது. தீனி என்பது இலைகளில் ஒட்டியிருக்கும் சிறு பூச்சிகள். மழையைப் பொறுத்து அதன் அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடும், குறையும். அதற்கேற்ப உடம்பில் சேர்த்து வைக்கும் கொழுப்பின் அளவையும் குருவி மாற்றிக்கொள்கிறது. அந்தக் கொழுப்பை எரித்துத்தான் ஏப்ரலில் புறப்பட வேண்டும். ரிட்ஜில் நாம் கேட்கும் அந்த ‘ச்சிஸ்-லீ’, தென்பொதிகையில் குளிர்காலம் முழுக்கத் தின்று சேர்த்ததின் செலவுக்கணக்கு.

வடக்கே போனதும் இதே குருவி பரிணாமப் பாடப்புத்தகத்தில் இடம்பிடிக்கிறது. திபெத் பீடபூமியைச் சுற்றி ஒரு வளையமாக இதன் கூட்டங்கள் வாழ்கின்றன. இமயத்தில் தொடங்கி மேற்கு வழியாக ஒரு கை, கிழக்கு வழியாக ஒரு கை. அடுத்தடுத்த கூட்டங்களின் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகிறது. இரண்டு கைகளும் சைபீரியாவில் சந்திக்கும் இடத்தில், ஒன்றின் பாட்டை மற்றது தன் இனத்தின் பாட்டாக ஏற்பதில்லை; பெரும்பாலும் சேர்வதும் இல்லை. இனம் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பதைக் காலத்தில் பார்க்க முடியாது. இங்கே அதை நிலத்தில் நடந்து பார்த்துவிடலாம் என்று டேரன் இர்வினும் பிரைஸும் 2001ல் எழுதினார்கள். பிறகு மரபணுவைத் துருவிப் பார்த்தவர்கள் வளையம் இடையிடையே அறுந்தும் இருந்திருக்கிறது என்று திருத்தினார்கள். கதையின் சுவை அதனால் குறையவில்லை.

ஒரே மரத்தில் ஒரே மாதிரிப் பூச்சியைத் தின்னும் ஒரே மாதிரிக் குருவிகள் எப்படி ஒன்றையொன்று தள்ளிவிடாமல் வாழ்கின்றன? 1950களில் அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களின் ஸ்ப்ரூஸ் காட்டில் ராபர்ட் மெக்ஆர்தர் என்ற இளைஞர் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தார். அங்கே ஐந்து கதிர்க்குருவி இனங்கள். மரத்தை உச்சி, நடு, அடி என்றும், வெளிக்கிளை, உள்கிளை என்றும் கூறுபோட்டுக்கொண்டு, எந்தக் குருவி எந்தக் கூறில் எத்தனை நொடி தீனி தேடுகிறது என்று எண்ணிக் குறித்தார். ஒரே மரம் ஐந்துக்கும் ஐந்து விதமாகப் பங்காகியிருந்தது. 1961ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு காட்டில் எத்தனை வகைப் பறவை இருக்கும் என்பதை அங்கே எத்தனை வகை மரம் இருக்கிறது என்பதைவிட, இலைகள் எத்தனை அடுக்காக இருக்கின்றன என்பது நன்றாகச் சொல்லிவிடும் என்று காட்டினார். தரைப்புல், இடுப்பளவு புதர், மேலே கவிகை, இந்த அடுக்குகள் எல்லாம் இருந்தால் பறவை கூடும்.

இதைத் தெரிந்துகொண்டு ரிட்ஜில் நடந்தால் கீக்கர் காட்டின் குறை கண்ணுக்குத் தெரியும். மேலே பச்சைக்கூரை நன்றாகத்தான் இருக்கிறது. கீழே பல இடங்களில் வெறும் மண். புதரும் புல்லும் அடுக்கடுக்காக இருக்கிற இடத்துக்கு வந்தவுடன் குரல்களின் எண்ணிக்கை கூடும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும், டெல்லி வளர்ச்சி ஆணையத்தோடு சேர்ந்து, வசீராபாத் பக்கம் யமுனை பல்லுயிர்ப் பூங்காவை உருவாக்கியபோது இந்த அடுக்குகளைத்தான் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கட்டினார்கள். உப்புப் பூத்துக் கிடந்த ஆற்றங்கரை நிலத்தில் குளத்தையும் புல்வெளியையும் காட்டையும் அமைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வலசை வாத்துகளை யாரும் பிடித்துக்கொண்டு வந்து விடவில்லை.

கருவி பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவர்கள் பெரிதாகக் காட்டும் பைனாகுலரைத்தான் கேட்பார்கள். வழிகாட்டிகள் பத்துக்குப் பதில் எட்டை வாங்கச் சொல்வார்கள். 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42ஐ எட்டால் வகுத்தால் வரும் ஐந்தேகால் மில்லிமீட்டர்தான் கருவியிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம். விடியற்காலை மங்கலில் நம் கண்மணியும் ஏறக்குறைய அந்த அளவுக்கு விரிந்திருக்கும். வருகிற ஒளி முழுவதும் உள்ளே போய்விடும். சட்டைப்பையில் அடங்கும் 10×25ல் அந்தக் கற்றை இரண்டரை மில்லிமீட்டர்தான். டெல்லியின் டிசம்பர் மூட்டத்தில் அது எதற்கும் ஆகாது. பத்து மடங்கில் கைநடுக்கமும் பத்து மடங்காகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். கீக்கர் உச்சியில் ஓரிடத்தில் நிற்காத குருவியைத் தேடிப்பிடிப்பதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும்.

இனி வயல். புசா வயல்களுக்கு அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். புசா என்பது உண்மையில் பீகாரில் ஓர் ஊர். 1905ல் அங்கே தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தை 1934ஆம் ஆண்டு பூகம்பம் சிதைத்துப் போட, 1936ல் நிறுவனம் டெல்லிக்கு வந்தது. ஊர்ப் பெயரும் கூடவே வந்து சாலைக்கும் ஒட்டிக்கொண்டது. எம். எஸ். சுவாமிநாதன் குட்டைக் கோதுமையை வளர்த்துப் பார்த்த வயல்கள் இவைதான். பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தியாவில் பறவைகளின் தீனியைப் பற்றிய முதல் பெரிய ஆராய்ச்சியும் பீகார்ப் புசாவில்தான் நடந்தது. சி. டபிள்யூ. மேசன் ஒவ்வொரு பறவையின் இரைப்பையையும் அறுத்து உள்ளே இருந்த புழு, வண்டு, தானியம் எல்லாவற்றையும் பிரித்து எண்ணினார். அங்கே அரசாங்கப் பூச்சியியலாளராக இருந்த மேக்ஸ்வெல் லெஃப்ராய் அந்தப் பூச்சிகளை ஆராய்ந்து சேர்த்தார். 1912ல் அது நூலாக வந்தது. (லெஃப்ராய் பிறகு இங்கிலாந்து போய், மரம் அரிக்கும் வண்டுக்கு மருந்து கண்டு, இன்றைய ரென்டோகில் நிறுவனத்துக்கு வித்திட்டார், 1925ல் ஆய்வுக்கூடத்தில் விஷவாயுவைச் சோதிக்கும்போது அதற்கே பலியானார்.)

இந்தப் பறவை உழவனுக்கு நண்பனா பகைவனா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ஒரே வரியில் அதற்குப் பதில் கிடைக்காது. வருடம் முழுக்கத் தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவி குஞ்சுக்கு ஊட்டுவது புழுவை. கோதுமை முற்றும் மார்ச்சில் பகையாகத் தெரிவது, ஒரு மாதம் கழித்துக் கூட்டில் குஞ்சு இருக்கும்போது நண்பனாகிவிடும். இரைப்பையை அறுக்காமலே இதில் பாதியை வயல் வரப்பில் நின்று பார்த்துவிடலாம். டிராக்டர் உழுதுகொண்டு போகிறது. பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசை கட்டுகின்றன. எருமைக்குப் பின்னால் நடக்கும் கொக்கு, தனியாக மேயும் கொக்கைவிடக் குறைந்த அடிகள் வைத்து அதிகப் பூச்சி பிடிக்கிறது என்று எண்ணியே காட்டியிருக்கிறார்கள். எருமை போய் டிராக்டர் வந்தது. கொக்குக்குக் கணக்கு மாறவில்லை. கலப்பை புரட்டிய ஈரமண்ணின் மேல் வெள்ளை வாலாட்டி ஓடுகிறது. கொஞ்சம் தள்ளி அரிவாள் மூக்கன் ஆழமாகக் குத்திப் பார்க்கிறது. மின்கம்பியில் கரிச்சான், கலைந்து பறக்கும் பூச்சிக்காகக் காத்திருக்கிறது. வரப்போரக் கதிர்க்குருவி இவை எதையும் சட்டை செய்யாமல் கோதுமைத் தாளுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே உழவில் நான்கு விதப் பங்கு. நட்ட நடு வயலில் ஆள்காட்டி உங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கினால் ஓரடி பின்வாங்குங்கள். அதன் முட்டை வெறும் தரையில்தான் இருக்கும், மண்கட்டி நிறத்தில்.

வேளாண்மைக்கும் டெல்லிப் பறவைகளுக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. உஷா கங்குலி எழுதிய டெல்லி வட்டாரப் பறவைகளுக்கான வழிகாட்டி நூலை 1975ல் வெளியிட்டது இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம். நூல் அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. எந்தப் பறவை எந்த மாதத்தில் எந்தப் பகுதியில் என்ற குறிப்புகள் நிறைந்த அந்த நூல் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறது.

ஓக்லா கதை வேறு. அங்கே இயற்கையாக ஏரி எதுவும் இல்லை. யமுனைக்குக் குறுக்கே 1986ல் தடுப்பணை வந்தது, தண்ணீர் தேங்கியது, சம்பும் நாணலும் முளைத்தன, பறவைகள் வந்தன, 1990ல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஏறக்குறைய நான்கு சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் மேம்பாலம், ஒரு பக்கம் அடுக்குமாடி, தண்ணீரில் நகரத்தின் சாக்கடை. அணைக்குக் கீழே நுரை மலைபோல மிதக்கிற படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அழகான இடம் என்று சொல்ல வாய் வராது. ஆனால் குளிர்காலத்தில் அங்கே நிற்கிற வாத்துகள், நாமக்கோழிகள், கடற்பறவைகள் ஆகியவற்றைப் பார்த்தால் அழகைப் பற்றி அவற்றுக்கு வேறு கருத்து இருப்பது தெரியும்.

இங்கே வழிகாட்டி கேட்கச் சொல்வது “எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது?” என்று. கரையோர ஈரச்சேற்றில் உள்ளான்கள். அவற்றின் அலகு நுனியில் நரம்பு முனைகள் அடர்ந்திருக்கின்றன. கண்ணால் பார்க்காமலே சேற்றுக்குள் புழுவின் அசைவைத் தொட்டு அறியும். இரண்டடி தள்ளி, கணுக்கால் தண்ணீரில் குருட்டுக்கொக்கு. அதற்கும் அப்பால் இளஞ்சிவப்புக் கால்களோடு நெடுங்கால் உள்ளான், மற்ற உள்ளான்களுக்கு எட்டாத ஆழத்தில் நிதானமாக நடக்கும். நீந்தும் ஆழம் வந்தபிறகு வாத்துகளின் பங்கீடு. தட்டை அலகு வாத்தை ஸ்கோப்பில் பார்த்தால் அலகின் ஓரத்தில் சீப்புப்பல்போல நெருக்கமான தகடுகள் தெரியும். தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும்போது நுண்ணுயிர்கள் அதில் மாட்டிக்கொள்ளும். ஒன்றன்பின் ஒன்றாக வட்டமடித்து நீந்தித் தண்ணீரைக் கலக்கிவிட்டு வடிகட்டும் கூட்டத்தை ஓக்லாவில் பார்க்கலாம். ஊசிவால் வாத்து தலைகுப்புறக் கவிழ்ந்து வாலை மேலே நீட்டும். அதன் கழுத்து நீளம் என்பதால் கிளுவைக்கு எட்டாத அடித்தரைக் கிழங்கு அதற்கு எட்டும். நடு ஆழத்தில் முக்குளிக்கும் வாத்துகள். அணையின் மதகைத் திறந்து நீர்மட்டத்தை ஒரு முழம் இறக்கினால் இந்த வரிசை முழுவதும் இடம் பெயரும். சில இனங்கள் ஊரை விட்டே போய்விடும். ஆகாயத்தாமரை மூடினாலும் அப்படியே. வாத்து குறைந்தது என்று பட்டியலில் எழுதும்போது பக்கத்திலேயே நீர்மட்டத்தையும் எழுதச் சொல்கிற வழிகாட்டியை நான் மதிக்கிறேன்.

ஐஏஎஸ்ஸுக்குப் படிக்கும் பிள்ளைகள், சர்வதேச முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவிக்கப்பட்ட ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலை மனப்பாடம் செய்வார்கள். அதில் 2021ல் சேர்ந்த சுல்தான்பூர், குருகிராமைத் தாண்டி ஒரு காலைப்பொழுதில் போய்விடக்கூடிய இடம். ராய்ட்டர் செய்தியாளர் பீட்டர் ஜாக்சன் அந்த ஏரியைப் பற்றிப் பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதியதன் விளைவாக 1970களின் தொடக்கத்தில் அது சரணாலயமாயிற்று. பிரதமருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை; அவரே டெல்லி பறவை நோக்கர் சங்கத்தின் உறுப்பினர். காந்தியின் நண்பரான ஆங்கிலேயக் குவேக்கர் ஹோரஸ் அலெக்சாண்டரும் ராணுவப் பொறியாளர் ஹெரால்ட் வில்லியம்ஸும் 1950ல் தொடங்கிய சங்கம் அது. தெரிந்த ஒருவர் முன்னே நடக்க, தெரியாதவர்கள் பின்னே நடந்து கற்றுக்கொள்ளும் முறை டெல்லியில் அப்போதே வேர்விட்டது. சென்னையில் 1978ல் பிறந்த மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியும் கிண்டி, அடையாறு, பழவேற்காடு என்று அதையே செய்துவருகிறது.

அன்றைக்குக் குறிப்பேடு, இன்றைக்குக் கைபேசியில் பறவைப் பட்டியல் பதியும் இ-பேர்ட் செயலி. நடை முடிந்ததும் வழிகாட்டி கேட்பார்: காக்கை எத்தனை, மைனா எத்தனை, மாடப்புறா எத்தனை? புதிதாக வந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். இருவாச்சியைப் பார்த்துவிட்டுக் காக்கையை எண்ணுவதா? ஆனால் புள்ளிவிவரத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. “பார்த்த, கேட்ட எல்லா இனங்களையும் எழுதிவிட்டீர்களா?” என்று செயலி கடைசியில் கேட்கும். ஆம் என்று சொன்னால், பட்டியலில் இல்லாத ஒவ்வொரு பெயரும் ஒரு தகவலாகிறது: இந்த இடத்தில், இந்த ஒன்றரை மணி நேரத்தில், இவ்வளவு தூரம் நடந்தும் அது கிடைக்கவில்லை. அரிய பறவையை மட்டும் எழுதுகிறவரின் பட்டியலில் இந்த ‘இல்லை’ கிடைக்காது. இப்படிப்பட்ட பட்டியல்கள் சேர்ந்துதான் 2023ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை உருவானது: சுமார் 30,000 பேர், 3 கோடிப் பதிவுகள், 942 இனங்கள். நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதுமான தரவு இருந்தது 338 இனங்களுக்கு. அவற்றில் 204 குறைந்துகொண்டு வருகின்றன.

அந்தத் தரவில் ஓட்டை இல்லாமல் இல்லை. நடை போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள், மெட்ரோ போகும் இடத்துக்குப் போகிறார்கள், நவம்பரிலிருந்து மார்ச் வரை போகிறார்கள். 44 டிகிரி வெயிலில் ரிட்ஜுக்கு யார் வருவார்? ஆகவே மே, ஜூன், ஜூலைப் பட்டியல்கள் மிகக் குறைவு. சுடலைக்குயிலுக்கு அதனால் நஷ்டம். தமிழ்நாட்டில் வருடம் முழுக்க இருக்கும் கிளையினம் வேறு. டெல்லிக்கு வருவது ஆப்பிரிக்காவிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றோடு அரபிக்கடலைத் தாண்டி வரும் கூட்டம். மழை வருவதற்குச் சற்று முன்னே வந்து, தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்டுவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் போய்விடும். அது முதலில் எந்தத் தேதியில் எங்கே தெரிந்தது என்று வருடாவருடம் குறித்தால், பருவமழையோடு அதன் வருகை எவ்வளவு ஒட்டிப்போகிறது, விலகுகிறது என்பதைக் கணக்கிடலாம். ராஜேந்திரா பிளேஸ் பக்கம், ரிட்ஜுக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருப்பவர்கள் ஜூன் கடைசி வாரத்தில், காலை ஐந்தரை மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் ஒரு மணிநேரம் போய்வந்தால் போதும். கறுப்பு வெள்ளை உடம்பு, தலையில் கொண்டை, குரல் உரத்த ‘பியூ-பியூ’, தவறவிட வழியில்லை.